வெயிலில் நிற்பவர்களுக்கு ஒரு கணக்கு: சன்ஸ்கிரீனை மறுபடியும் எப்போது பூச வேண்டும்?

"காலையிலேயே சன்ஸ்கிரீன் பூசிட்டுத்தானே போறேன், அப்புறமும் ஏன் முகம் கருத்துப்போகுது?" தோல் மருத்துவரிடம் போகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது. பதில் பெரும்பாலும் ட்யூபில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. ஏழே முக்காலுக்குப் பூசியது பதினொன்றரை மணிக்கு முகத்தில் இருப்பதே சந்தேகம். வெயில் உச்சத்துக்கு வரும் நேரத்தில் நம்மிடம் பாதுகாப்பு இல்லாமல் போய்விடுகிறது.

நீங்கள் போக்குவரத்துக் காவலராக இருக்கலாம். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளராகவோ மின் கணக்கீட்டாளராகவோ இருக்கலாம். உணவு டெலிவரி செய்பவராக, தள்ளுவண்டி வியாபாரியாக, நூறு நாள் வேலைக்குப் போகிறவராக, கல்லூரி மைதானத்தில் பயிற்சி எடுப்பவராக இருக்கலாம். ஒரு நாளில் சில மணி நேரமாவது வெயிலில் நிற்கிறவர் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சன்ஸ்கிரீன் பூசுவது எப்படி என்று பலருக்கும் தெரியும். மறுபடியும் எப்போது பூச வேண்டும் என்பதில்தான் குழப்பம். அதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

சுடுவது வேறு, கருக்குவது வேறு

வெயிலில் நாம் உணரும் சூடு வேறு, தோலைப் பாதிக்கும் புற ஊதாக் கதிர் வேறு. புற ஊதாக் கதிரைக் கண்ணால் பார்க்க முடியாது, தோலால் உணரவும் முடியாது. தோல் எரிகிறது, சிவக்கிறது என்று தெரியும்போது பாதிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். அதனால் "சுட ஆரம்பிச்சா பூசிக்கலாம்" என்று காத்திருப்பது பலன் தராது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு நாளில் சூடு அதிகமாகத் தெரிவது பெரும்பாலும் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. ஆனால் புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருப்பது சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில். சென்னையில் அது ஆண்டின் பெரும்பகுதியில் பன்னிரண்டு மணியை ஒட்டியே வரும். கோயம்புத்தூர் மேற்கே இருப்பதால் அங்கே இன்னும் சுமார் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தள்ளி வரும். காலை பத்து மணிக்குக் காற்று இதமாக இருக்கலாம். அதற்காகக் கதிரும் இதமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

மேகமூட்டமும் நம்மை ஏமாற்றும். மெல்லிய மேகத்தின் ஊடே 80 சதவீதம் வரை புற ஊதாக் கதிர் இறங்கிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "இன்னைக்கு மப்பா இருக்கே" என்று ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் நாளில்தான் தோல் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்கிறது.

காசில்லாத கருவி: உங்கள் நிழல்

கதிரின் அளவைச் சொல்ல யு.வி. குறியீடு என்று ஓர் எண் இருக்கிறது. பல வானிலைச் செயலிகளில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். 3 வந்தாலே பாதுகாப்பு தேவை. 8 வந்தால் மிக அதிகம். 11 என்றால் உச்சபட்சம். நம் ஊர்க் கோடை நண்பகலில் இந்த எண் 11-ஐத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம்.

கையில் செல்போன் இல்லையா? கீழே குனிந்து உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் ஓரளவு தணிந்திருக்கிறது.

ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டில் காலை ஒன்பது மணி வாக்கிலேயே நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிடும். மறுபடி நீள்வது பிற்பகல் மூன்று மணி தாண்டித்தான். ஏறக்குறைய ஆறு மணி நேரம்! சரி, மார்கழியில் கவலை இல்லையா என்றால், அதுவும் இல்லை. அப்போதும் சென்னையில் சுமார் பத்தரை மணி முதல் இரண்டு மணி வரை நிழல் நம்மைவிடக் குட்டைதான். ஐந்தரை அடி உயரமுள்ளவரின் நண்பகல் நிழல் மார்கழியில்கூட நான்கு அடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அக்னி நட்சத்திரம் முடிந்ததும் வெயில் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் நம் மாநிலத்தில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில் ஒரு முறை, செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு முறை. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே நிற்கும் சூரியனின் கீழ்தான் நடக்கிறார்கள். காற்றும் மேகமும் அதை மறைத்துவிடுவதால் பலருக்கு இது தெரிவதில்லை.

எஸ்.பி.எஃப். எண் மணிக்கணக்கு அல்ல

"என்னோடது எஸ்.பி.எஃப். 50, அஞ்சு மணி நேரம் தாங்கும்." இது பரவலாக இருக்கும் தப்பான நம்பிக்கை. எஸ்.பி.எஃப். என்பது எவ்வளவு வடிகட்டும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும் என்பதைச் சொல்வதில்லை.

சரியான அளவில் பூசினால், தோலை எரிக்கும் யு.வி.பி. கதிரில் எஸ்.பி.எஃப். 15 சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும். 30 என்றால் சுமார் 97 சதவீதம். 50 என்றால் சுமார் 98 சதவீதம். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். வியர்த்து வழிந்து துடைத்துவிட்டால் முப்பதும் போகும், ஐம்பதும் போகும். அதிக எண்ணுள்ள ட்யூபை ஒரு தடவை பூசுபவரைவிட, 30 உள்ளதை நேரத்துக்கு மறுபடி பூசுபவர்தான் அதிகம் தப்பிக்கிறார்.

இரண்டு மணி நேர விதி

வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும் என்பதுதான் தோல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. ஏன் இரண்டு மணி நேரம்?

சன்ஸ்கிரீன் தோலின் மேல் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. வியர்வை அதைக் கரைக்கிறது. முகத்தில் சுரக்கும் எண்ணெய்ப் பசை அதை இளக்குகிறது. கைக்குட்டை, துண்டு, முகக்கவசம், ஹெல்மெட் பட்டை எல்லாம் உரசி எடுக்கின்றன. சில ரசாயன வடிகட்டிகள் வெயில் படப்பட வலு குறைவதும் உண்டு. எல்லாம் சேர்ந்து படலத்தில் ஓட்டை விழுகிறது. நமக்கு அது கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் இந்த இரண்டு மணி நேரம் என்பது அதிகபட்சக் கெடு. கீழே உள்ள சமயங்களில் கடிகாரம் பார்க்க வேண்டாம், உடனே பூசுங்கள்:

• முகத்தைத் துண்டால் துடைத்த பிறகு. எத்தனை மணிக்குப் பூசியிருந்தாலும் சரி.
• சட்டை நனையும் அளவு வியர்த்த பிறகு.
• முகம் கழுவிய பிறகு, குளித்த பிறகு, நீந்திய பிறகு.
• மழையில் நனைந்து, மறுபடி வெயில் வந்த பிறகு.

தள்ளிப்போடக்கூடிய சமயமும் உண்டு. காலையில் பூசிவிட்டு அலுவலகத்துக்குள் போய், ஜன்னலிலிருந்து தள்ளி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் இரண்டு மணிக்கு ஒரு தடவை பூச வேண்டிய அவசியம் இல்லை. மதியம் சாப்பிட வெளியே போகும் முன் ஒரு முறை, சாயங்காலம் வெயில் இருக்கும்போதே கிளம்பினால் அதற்கு முன் ஒரு முறை, போதும். ஜன்னலோரம் உட்காருபவர் மட்டும் கவனிக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி யு.வி.பி. கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். கருமையையும் சுருக்கத்தையும் தரும் யு.வி.ஏ. கதிரில் கணிசமான பங்கு உள்ளே வந்துவிடும். ஜன்னல் சீட்டில் நீண்ட தூரம் பேருந்தில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் பூச்சு எப்போது? வெளியே கிளம்புவதற்கு 15 முதல் 20 நிமிடம் முன்பு. படலம் காய்ந்து ஒட்ட அந்த நேரம் வேண்டும். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பூசினால், முதல் வியர்வையிலேயே கண்ணுக்குள் இறங்கி எரியும்.

உங்கள் நாள் எப்படிப்பட்டது?

விதியைவிட உதாரணம் எளிது. நான்கு விதமான நாட்களைப் பார்ப்போம்.

சாலையில் எட்டு மணி நேரம்: காலை 7.45-க்குப் பூசி 8 மணிக்குக் கிளம்புகிறீர்கள். அடுத்தது 9.45. அடுத்தது 11.45, இதுதான் முக்கியமானது, ஏனென்றால் அடுத்த ஒரு மணி நேரம்தான் உச்சம். பிறகு 1.45. மூன்றரை, நான்குக்கு மேல் நிழல் நீண்டுவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். இதை நினைவில் வைக்க ஒரு சுலப வழி, டீ நேரத்தோடு முடிச்சுப் போடுவது. பத்து மணி டீக்கு முன் ஒரு பூச்சு, மதியச் சாப்பாட்டுக்குப் போகுமுன் முகம் கழுவியதும் ஒரு பூச்சு, சாப்பிட்டு மறுபடி வெயிலில் இறங்கும்போது ஒரு பூச்சு. செல்போனில் அலாரமும் வைக்கலாம்.

பள்ளி விளையாட்டு விழா: ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு வீட்டில் எட்டரை வாக்கில் ஒரு முறை பூசி அனுப்புங்கள். ஓட்டப்பந்தயம் முடிந்து முகம் துடைத்ததும் அடுத்தது. அது ஒன்பதரைக்கே வந்தாலும் பரவாயில்லை. சின்ன ட்யூப் ஒன்றைப் பையில் வைத்து, "முகம் துடைச்சா உடனே பூசணும்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பினால் போதும். பிள்ளைக்கு அது நினைவிருக்கும்.

அருவியும் கடலும்: குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நின்றுவிட்டு வருபவர் உடம்பில் எந்தக் கிரீமும் மிச்சமிருக்காது. தண்ணீர் அடிக்கிற வேகம் அப்படி. "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்டிருந்தால்? அமெரிக்காவின் விதிப்படி அந்தச் சொல்லோடு 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று குறிப்பிட வேண்டும். தண்ணீரிலோ வியர்வையிலோ அவ்வளவு நேரம்தான் தாங்கும் என்பது கணக்கு. தண்ணீர் புகவே புகாது என்று பொருள்படும் "வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல்லை அங்கே சன்ஸ்கிரீன் லேபிளில் போடவே கூடாது. எந்த வகையாக இருந்தாலும் கரையேறி, துவட்டி, மறுபடி பூசுவதுதான் முறை. கடற்கரையில் இன்னொரு கூடுதல் சங்கடம். காய்ந்த மணல் சுமார் 15 சதவீதக் கதிரையும் கடல் நுரை சுமார் 25 சதவீதக் கதிரையும் திருப்பி அனுப்பும். குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாலும் கீழிருந்து வந்து சேரும். தாடைக்கு அடியிலும் பூசச் சொல்வது இதனால்தான்.

மலை: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. சமவெளியைவிட அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கும்போது இது யாருக்கும் தோன்றாது. சுற்றுலா முடிந்து வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கும்போதுதான், "குளிர்லதானே இருந்தோம்?" என்று ஆச்சரியம் வரும்.

ட்யூப் எத்தனை நாள் வருகிறது?

நேரம் சரியாக இருந்தும் அளவு குறைந்தால் பயனில்லை. லேபிளில் உள்ள எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்து வந்தது. நிஜ வாழ்க்கையில் மக்கள் பூசுவது அதில் கால் பங்கிலிருந்து பாதிதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அளவு குறைந்தால் 50 என்று எழுதியிருப்பது உங்கள் முகத்தில் 50 ஆக இருக்காது.

எளிய அளவு இதோ. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒவ்வொரு கோடாகப் பிதுக்குங்கள். இந்த இரண்டு கோடு முகத்துக்கும் கழுத்துக்கும். நீச்சல் உடையில் இருப்பவர் உடல் முழுவதும் பூச ஏழு டீஸ்பூன், அதாவது சுமார் 35 மில்லி வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம். ஒரு நாளைக்கு மூன்று தடவை. அப்படியானால் 50 கிராம் ட்யூப் ஏறக்குறைய 11 முதல் 16 நாளில் தீர்ந்துவிடும். நாள் முழுக்க வெயிலில் இருந்தும் உங்கள் வீட்டு ட்யூப் ஆறு மாதம் வருகிறது என்றால், பூசும் அளவோ தடவையோ போதவில்லை.

முதலில் துணி, பிறகு கிரீம்

"பதினைஞ்சு நாளைக்கு ஒரு ட்யூப்னா கட்டுப்படியாகுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. தினக்கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அது சுமைதான். அதனால் வரிசையை மாற்றிப் போடுவோம்.

துணிக்கு இரண்டு மணி நேரக் கெடு கிடையாது. வியர்வையில் அது கரையாது, மறுபடி பூசவும் வேண்டாம். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அகலமான விளிம்புள்ள தொப்பி அல்லது பனையோலைத் தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, நின்று வியாபாரம் செய்பவர் என்றால் ஒரு பெரிய குடை. இவை உடம்பின் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். வயல் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறார்களே, அது தோலைக் காக்கும் நல்ல வழக்கம். வெளுத்து, கண்ணி தெரியும் அளவு நைந்துபோன துணி மட்டும் கதிரை விட்டுவிடும்.

துணி மூடாத இடங்களுக்கு மட்டும் சன்ஸ்கிரீன்: முகம், காது, பிடரி, புறங்கை. செருப்பு போடுபவர் என்றால் பாதத்தின் மேல்புறம். இப்படிச் செய்தால் செலவு குறையும், மறுபடி பூசுவதும் ஒரு நிமிட வேலையாகும். இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களில் பலர் முகத்துக்குப் பூசிவிட்டுப் புறங்கையை மறந்துவிடுகிறார்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைதான் நாள் முழுக்க நேர் வெயிலில் இருக்கிறது.

ரோட்டில் நின்றுகொண்டே எப்படிப் பூசுவது?

வியர்வையும் தூசியும் மேல் இருக்கும்போது அப்படியே பூசினால் ஒட்டாது. ஈரக் கைக்குட்டையால் முகத்தை ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஒரு நிமிடம் உலர விடுங்கள். பிறகு நெற்றி, மூக்கு, இரு கன்னம், தாடை, கழுத்து என்று புள்ளி புள்ளியாக வைத்துப் பரப்புங்கள். காது மடலையும் பிடரியையும் விடாதீர்கள். கண்ணுக்கு மிக அருகில் வேண்டாம். பூசிய கையைப் புறங்கையில் துடைத்துக்கொண்டால் அங்கேயும் ஆயிற்று. ஹெல்மெட் போட சில நிமிடம் பொறுங்கள்.

கொசு விரட்டி கிரீமும் போடுகிறவரா? முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசு விரட்டி. ஒவ்வொன்றையும் தேவைக்கேற்பத் தனித்தனியாக மறுபடி பூசுங்கள்.

ட்யூபை இருசக்கர வாகனத்தின் சீட்டுக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காதீர்கள். சூட்டில் கிரீம் திரிந்து, தண்ணீரும் எண்ணெயுமாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்ததையும் காலாவதியானதையும் பூசுவதில் பலன் இல்லை.

யாருக்குக் கூடுதல் கவனம்?

• மங்கு உள்ளவர்கள். சிகிச்சை எடுத்தும் குறையவில்லை என்றால், மதியம் மறுபடி பூசுகிறோமா என்று முதலில் பாருங்கள்.
• வெண்புள்ளி உள்ளவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், லூபஸ் நோய் உள்ளவர்கள். இவர்களுக்கு மறுபூச்சு சிகிச்சையைப் போலவே அவசியம்.
• சில மருந்துகள் எடுப்பவர்கள். எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் தரப்படும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை தோலை வெயிலுக்குக் கூச வைக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு, வெயிலிலிருந்து மறைந்துகொள்ளுங்கள்.
• ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள். இவர்களுக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் மெல்லிய பருத்தித் துணியும்தான் பாதுகாப்பு.

ஆறாத புண், வேகமாக வளரும் அல்லது நிறம் மாறும் மச்சம், ரத்தம் கசியும் கட்டி இருந்தால் கிரீமைத் தேடாமல் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். யு.வி.ஏ., யு.வி.பி. இரண்டையும் தடுக்கும் "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்ற குறிப்பு. "பி.ஏ." என்ற எழுத்துக்குப் பின்னால் கூட்டல் குறிகள், குறிகள் கூடக்கூட யு.வி.ஏ. பாதுகாப்பு அதிகம். வியர்க்கும் வேலை என்றால் வாட்டர் ரெசிஸ்டன்ட் வகை. கூச்சமுள்ள தோல் என்றால் ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு கலந்த வகை பெரும்பாலும் ஒத்துப்போகும், லேசாக வெள்ளை பூத்தாலும்.

இந்தியாவில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருள் என்ற பிரிவில் வருகிறது. அதனால் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி லேபிளில் இருக்க வேண்டும். இவை இல்லாத, பெயர் தெரியாத டப்பாக்களை வாங்காதீர்கள். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்கினாலோ, காலாவதியானதை விற்றாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

நம்ம நிறத்துக்கு இதெல்லாம் தேவையா?
கருமையான தோலில் உள்ள மெலனின் இயற்கையான கவசம் என்பது உண்மை. நம்மவர்களுக்குத் தோல் புற்றுநோய் வெள்ளைத் தோலினரைவிடக் குறைவு. ஆனால் மங்கும், திட்டுத் திட்டான கருமையும், முன்கூட்டியே வரும் சுருக்கமும் நம் தோலிலும் வரும். சன்ஸ்கிரீன் என்பது வெள்ளையாக்கும் கிரீம் அல்ல. உங்கள் நிறம் எதுவோ அதைக் காப்பதுதான் அதன் வேலை.

ஆம்பளைக்கு எதுக்கு கிரீம்?
வெயில் ஆண், பெண் பார்ப்பதில்லை. வெளி வேலையில் அதிக நேரம் நிற்பவர் யாரோ அவருக்கு அதிகம் தேவை.

எஸ்.பி.எஃப். 20-க்கு மேல் 30 பூசினால் 50 ஆகுமா?
ஆகாது. எண்களைக் கூட்ட முடியாது. மறுபூச்சு என்பது தேய்ந்துபோன படலத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மட்டுமே.

தேங்காய் எண்ணெய், மஞ்சள் போதாதா?
தோலை வறளாமல் வைக்க எண்ணெய் உதவும். வெயிலில் மணிக்கணக்கில் நிற்பவருக்கு அது சன்ஸ்கிரீனுக்கு மாற்று அல்ல.

வைட்டமின் டி குறைந்துவிடாதா?
அன்றாட வாழ்க்கையில் சன்ஸ்கிரீன் பூசுவதால் மட்டும் வைட்டமின் டி குறைவது அரிது. வெளி வேலை செய்பவருக்கு வெயில் வேறு வழிகளில் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மருத்துவர் சொல்படி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சன்ஸ்கிரீன் செய்யாத வேலை

இதை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சன்ஸ்கிரீன் தோலைக் காக்கும், உயிரைப் பறிக்கும் சூட்டிலிருந்து காக்காது. நேரம் தவறாமல் பூசியவருக்கும் ஹீட் ஸ்ட்ரோக் வரும். தண்ணீர், உப்புக் கரைசல், நிழல், ஓய்வு இவைதான் அதற்குக் கவசம். எனவே ட்யூபை எடுக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் பாட்டிலையும் எடுங்கள். தாகம் இல்லாவிட்டாலும் குடியுங்கள். முடிந்தவரை பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை நேர் வெயிலைத் தவிருங்கள். ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவர் என்றால், வேலை நேரத்தை முன்னும் பின்னும் தள்ளி வைப்பது எந்தக் கிரீமை வாங்கித் தருவதைவிடவும் பெரிய உதவி.

உடன் வேலை செய்பவர் தலைசுற்றல், வாந்தி, குழறும் பேச்சு, உடல் கொதிப்பு என்று சரிந்தால், நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தமிழ்நாடு அரசு வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ₹4 லட்சம் நிவாரணத்துக்கும் அதில் வழி செய்யப்பட்டிருக்கிறது.

குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள்:

• அவசர மருத்துவ ஊர்தி: 108
• மருத்துவ ஆலோசனை: 104
• மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070
• மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077
• நுகர்வோர் உதவி: 1915

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும்வரை, இரண்டு மணிக்கு ஒரு முறை, துடைத்தாலோ நனைந்தாலோ அந்த நிமிடமே. வெளி வேலைக்குப் போகிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். இன்று அவர் பையில் ஒரு சின்ன ட்யூபும், ஒரு துண்டும், ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.